மச்சான் விட்ட கயிறு

சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இதே கதையை அந்தக் காலத்தில் வேறொருவன் வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நான் சிரிப்போடு விட்டிருக்கமாட்டேன், செவிட்டில் ஒன்று வைத்துத்தான் அனுப்பியிருப்பேன். பேய் பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பாதவன் நான். கடற்கரையில் வெள்ளை உருவம் பார்த்தேன் என்று வந்தவனையெல்லாம் "நேத்து எத்தன கலயம்லே குடிச்ச?" என்று கேட்டு விரட்டியவன். மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி, ஞாயிற்றுக்கிழமை பூசை, அதோடு என் பக்தி முடிந்தது. அதுவும் போக, பேய்க்கதை என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இது நடந்தது காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெயிலில், கடலுக்கு அடியில். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் வந்ததற்கு ஒரு காப்பியைக் குடித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். நாங்கள் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் குடியிருந்தோம். நான் சங்கு குளிப்பவன். முத்துக் குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, சங்குதான் எங்களுக்குச் சோறு. எட்டுப் பாகம் ஆழம் இறங்க வேண்டும். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. வெறும் மூச்சில் அவ்வளவு ஆழம் சட்டென்று போய்ச் சேர முடியாது, அதற்காக ஒரு கருங்கல்லைக் கயிற்றில் கட்டி, கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, அதில் காலை நுழைத்து நிற்போம். கல் நம்மை இழுத்துக்கொண்டு போகும். தரையைத் தொட்டதும் காலை எடுத்துவிட வேண்டும், மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். இன்னொரு கயிறு நம் இடுப்பில் இருக்கும். மூச்சு முட்டும்போது அதை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவன் நம்மைத் தூக்க வேண்டும். அவன் தூக்கினால் உயிர். கொஞ்சம் பராக்குப் பார்த்தான் என்றால் தீர்ந்தது.

அதனால் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டோம், பெண்சாதியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்போம். அண்ணன் தம்பிக்கு நிலம், வீடு, பங்கு என்று நூறு நினைப்பு இருக்கும். மச்சான் அப்படியில்லை. கயிற்றை விட்டால் தன் கூடப் பிறந்தவளே தாலியறுப்பாள் என்ற பயம் அவன் கையில் எப்போதும் இருக்கும். என் கயிற்றைப் பிடித்தவன் மிக்கேல், என் பெண்சாதி அமலோற்பவத்தின் தம்பி. அவர்களுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. மிக்கேல் எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்கள் அடுப்பிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். அமலோற்பவத்தை நான் அமலி என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் வந்தபோது கதவைத் திறந்தவள் அவள்தான்.

இனி சொல்லப்போவதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அமலியை அடிப்பேன். குழம்பில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, கடலில் சங்கு கிடைக்காவிட்டால் அதற்கும் அவளுக்குத்தான் அடி. ஏன் என்று இன்றைக்குக் கேட்டால், எடுத்ததற்கெல்லாம் கை நீளும், அவ்வளவுதான். அந்த வருஷம் புதுவருஷப் பூசைக்கு முந்திய நாள் எதற்கோ புறங்கையால் அவள் வலது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். என் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. அதில் ஒரு சின்னச் சிலுவை, ஒரு கை தேய்ந்து மூன்று கைதான் மிச்சம். அந்த மூன்று கைச் சிலுவை அவள் கன்னத்தில் அப்படியே பதிந்து, ரத்தம் கட்டி, பிறகு தழும்பாகிவிட்டது. பூசைக்கு அவள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். மிக்கேல் அதைப் பார்த்தான். சோற்றைத் தின்றான், கை கழுவினான், மறுநாள் வழக்கம்போல என் கயிற்றைப் பிடித்தான். எனக்கு அதில் ஒரு திமிர்கூட வந்தது. இவன் என்ன செய்துவிடுவான், அக்காள் தாலி இவன் கையில் அல்லவா இருக்கிறது என்று.

தை மாதம் என் கல் தொலைந்துபோனது. பாறை இடுக்கில் மாட்டிக் கயிறு அறுந்துவிட்டது. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் மணல்தான், நல்ல கருங்கல் வேண்டுமென்றால் உள்நாட்டிலிருந்து வர வேண்டும். ஒருவன் கல்லை இன்னொருவனுக்கு இரவல் கொடுப்பதும் கிடையாது. நான் இரண்டு நாள் வேலையில்லாமல் கரையில் கடுகடுவென்று சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கொழும்புக் கப்பலில் ஒரு சிங்களப் பெரியவர் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. கொழும்புக்குத் தோணியில் போய்வருகிறவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்களை மாத்தையா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பெயர் என்ன என்று கேட்டால் பர்னாந்து என்கிறார். எங்கள் தெருவில் பாதிப்பேர் பர்னாந்துதான். "நம்மாளுதாம்ல" என்று நான் மிக்கேலிடம் சொன்னேன். பிறகு விசாரித்தால் அவர் கும்பிடுவது புத்தரை.

தாமிரவருணி ஆற்றங்கரையில் பழைய செங்கல் மேடு ஒன்றும், அதன்மேல் புத்தர் சிலை ஒன்றும் இருப்பதாக யாரோ அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சாவதற்குள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரே நாளில் போய்வர, அரைகுறைத் தமிழில் கூலி பேசித் துணைக்கு ஆள் தேடினார். ஞாயிற்றுக்கிழமை குளிப்பு கிடையாது. பூசையை விட்டுவிட்டு நானும் மிக்கேலும் போனோம். அமலி வேண்டாமென்றாள். "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

விடியலில் எங்கள் வள்ளத்தில் பாய் ஏற்றி, புன்னைக்காயல் முகத்துவாரத்தில் போய் இறங்கினோம். அங்கிருந்து ஆற்றில் மேலே போவதற்கு ஓடம் இருந்தது. மழை முடிந்து ஆறு நிறைந்து கிடந்தது. ஓடக்காரர் வயசானவர், வாய் ஓயாமல் வெற்றிலை. எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னோம்.

"மொட்டச்சாமி மேடா? அங்கன என்ன இருக்கு? பனையேறுதவங்க அந்தச் சாமி முட்டுலதான் அருவா தீட்டுதாங்க. நானும் தீட்டியிருக்கேன்."

"சாமி ஒண்ணும் செய்யலியா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது" என்றார்.

மாத்தையாவுக்கு இது புரிந்ததோ என்னவோ, மடியில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் குளத்து மடை ஒன்றில் ஓடத்தை நிறுத்தச் சொல்லி, முழங்கால் தண்ணீரில் தானே இறங்கி ஆம்பல் பறித்துக்கொண்டார்.

அந்த இடத்தின் பெயரை உங்களிடம் சொல்லமாட்டேன். பனங்காட்டுக்கு நடுவில் ஒரு மேடு, அவ்வளவுதான். காலால் தட்டினால் பெரிய பெரிய செங்கல். மேலே புத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் கையை வைத்துக்கொண்டு. தலை இல்லை. முழங்காலில் அரிவாள் தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்திருந்தது. மாத்தையா அப்படியே குப்புற விழுந்தார். பையிலிருந்து விளக்கை எடுத்து எண்ணெய் ஊற்றி ஏற்றினார், பூவை வைத்தார், கண்ணீர் வழிய வழிய என்னவோ பாடினார். மிக்கேல் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான். எனக்குச் சலிப்பாக இருந்தது. நான் மேட்டைச் சுற்றிவந்தேன்.

பின்பக்கம் எருக்கஞ்செடிக்குள் அந்தத் தலை கிடந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது சாமியாகத் தெரியவில்லை. கல்லாகத்தான் தெரிந்தது. நல்ல கருங்கல். தூக்கிப் பார்த்தேன், சரியான கனம். கழுத்து குறுகி, கீழே மறுபடி கொஞ்சம் அகன்று, கயிறு கட்டினால் நழுவவே நழுவாது. கண்ணை மூடிக்கொண்டிருந்த முகம், மூக்கு மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. அருமையான கல் கிடைத்தது என்று சந்தோஷமாகத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மாத்தையா எழுந்து ஓடி வந்தார். "என்ன செய்ய எடுக்கிறது? எங்கே கொண்டு போறது?"

"கடலுக்கு. குளிகல்லு" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மிக்கேல் கழுத்தில் கயிறு கட்டுவதுபோலச் சைகை காட்டினான். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். என் காலைத் தொடக் குனிந்தார். வேறு கல் வாங்கித் தருகிறேன், கொழும்பிலிருந்து அனுப்புகிறேன் என்றார். "உங்க கோயில்ல மாதா தலை, அதுல கயிறு கட்டுவீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதில் இல்லாத கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். புறங்கையால் ஒன்று விட்டேன்.

கண்ணாடி தெறித்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மோதிரம் போட்டிருந்தேன். அவர் வலது கன்னம் கிழிந்து ரத்தம் தெறித்தது, ஒரு சொட்டு என் தோளில் இருந்த கல்லின் கன்னத்தில் விழுந்தது. அந்த மனிதர் தன் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல், சால்வையை எடுத்துக் கல்லின் முகத்தில் விழுந்த ரத்தத்தைத் துடைத்தார். முழுதும் போகவில்லை, ஒரு கோடு தங்கிவிட்டது.

"மச்சான், அந்தக் கல்ல வச்சிரும்" என்றான் மிக்கேல். அவன் என்னைப் பார்க்கவில்லை. மாத்தையாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கைச் சிலுவை அங்கே பதிந்திருந்தது.

"ஒஞ்சோலியப் பாருலே" என்றேன்.

திரும்பும்போது ஓடக்காரர் வெற்றிலையை மறந்துவிட்டார். கல்லை என் காலடியில் வைத்திருந்தேன். பாதி ஆற்றில் மாத்தையா என் பக்கம் திரும்பி, அந்தத் தலையைக் காட்டி, ரொம்ப நிதானமாக, "அவர் யாரையும் அடிக்கமாட்டார். அவர்கிட்ட எனக்குப் பயம் இல்ல. உங்க கைகிட்டத்தான் பயம்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மிக்கேல் பாய்ந்து கல்லைத் தூக்கிவிட்டான். ஆற்றில் போடப் போகிறான் என்று தெரிந்தது. நான் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேரும் விழுந்தோம், ஓடம் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது, ஓடக்காரர் "ஏலே, கொல்லப் பாக்கியளாலே, எல்லாரும் சாகப் போறோம்லே" என்று கத்துகிறார். மிக்கேல் என் தோளைக் கடித்தான். நான் அவன் தலைமுடியைப் பிடித்து ஓடத்தின் விளிம்பில் மோதினேன், ஒரு முறை இல்லை, மூன்று நான்கு முறை. அப்படியும் அவன் வலது கை கல்லை விடவில்லை. எழுந்து நின்று குதிகாலால் அந்த விரல்களை மிதித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் விட்டான்.

மறுநாள் காலையில் என் உயிரைப் பிடிக்கவேண்டிய விரல்களை நானே மிதித்து நொறுக்கினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மாத்தையாவைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டதோடு சரி, பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த வாரக் கப்பலில் போய்விட்டதாகக் கேள்வி.

திங்கட்கிழமை காலை கடலுக்குப் போனோம். வள்ளத்தில் நாலு பேர், குளிப்பவர்கள் இரண்டு, கயிறு பிடிப்பவர்கள் இரண்டு. அடுத்த கயிற்றுக்காரன் பெயர் சந்தியாகு. மிக்கேல் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். அமலி அவனைப் போகவேண்டாம் என்றாள், அவன்தான் கேட்கவில்லை. மின்னுகிற எதையும் போட்டுக்கொண்டு கடலில் இறங்கக் கூடாது, சுறா வரும் என்பது எங்கள் வழக்கம். அதனால் மோதிரத்தைக் கழற்றி, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருக்கும் தகர டப்பாவில் எப்போதும்போலப் போட்டுவிட்டுத்தான் போனேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, கண்ணியில் காலை நுழைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மற்றக் கற்களைவிட வேகமாக இறங்கியதுபோல் இருந்தது. காதுக்குள் குத்தியது. தரையில் மோதி மண் கலங்கியது. காலை எடுக்கப் பார்த்தேன், கண்ணி இறுகிவிட்டது. சரி, கல்லோடு சேர்த்தே தூக்கட்டும் என்று இடுப்புக் கயிற்றைச் சுண்டினேன். மேலே அசைவில்லை. மறுபடி சுண்டினேன். கயிறு தளர்ந்தது. தளர்ந்துகொண்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே வெளிச்சத்திலிருந்து இரண்டு கயிறும் சுருள் சுருளாக, அவசரமில்லாமல் என் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. எட்டுப் பாகத்தில் நின்றுகொண்டு அது புரிவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. குனிந்து கண்ணியைப் பிய்த்தேன், நகம் பெயர்ந்தது, கண்ணி வரவில்லை.

அப்போது விழுந்தது முதல் அடி.

வலது கன்னத்தில், புறங்கையால். தண்ணீருக்குள் யாரும் யாரையும் ஓங்கி அடிக்க முடியாது, தண்ணீர் கையைப் பிடித்துக்கொள்ளும், குளிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். இந்த அடி வீட்டு நடுவில் நின்று அடிக்கிற அடி. தலை அந்தப் பக்கம் திரும்பியது. உடனே அடுத்தது. அடுத்தது. எதிரில் யாரும் இல்லை, கலங்கல் தண்ணீர்தான். கையால் மறைத்தேன், மறைத்த கைக்கு உள்ளே வந்து விழுந்தது. மூக்கு உடைந்து ரத்தம் புகைபோலக் கண் முன்னால் பரவியது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சத்தம் கேட்டது, 'ம்ஹும்' என்று மூச்சை இழுத்து விடுகிற சத்தம். எனக்கு அது தெரிந்த சத்தம். நான் கை ஓங்கும்போது என் தொண்டையிலிருந்து வருகிற சத்தம் அது. அன்றைக்கு அது எனக்கு வெளியே இருந்து வந்தது.

அழுதேன். தண்ணீருக்குள் அழ முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அமலியை நினைத்தேன். நல்லவிதமாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். இவ்வளவு வலியா இது, இத்தனை வருஷமும் இவ்வளவு வலியா என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்துவிட்டேன், உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

அடி நின்றது. என் காலடியில் கல் அசைந்தது. அந்த முகம் மண்ணிலிருந்து திரும்பியது, கண் மூடியபடி, மாத்தையாவின் ரத்தக் கோடு கன்னத்தில் அப்படியே இருந்தது. பிறகு அது மேலே போக ஆரம்பித்தது. கல்தான், ஐயா. கல் மேலே போனது. கண்ணி என் காலை இழுத்தது, நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். ஆள் கை மாற்றி மாற்றி இழுத்தால் ஒரு அசைவு இருக்குமே, இழு, பிடி, இழு, பிடி என்று, அந்த அசைவு இருந்தது. மிக்கேல் மனசு மாறி எப்படியோ கயிற்றைப் பிடித்துவிட்டான் என்று நினைத்ததுதான் எனக்குக் கடைசி நினைவு.

வள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகில் மிதித்துத் தண்ணீரை எடுத்திருக்கிறார்கள். கண் விழித்தபோது சந்தியாகு கத்திக்கொண்டிருந்தான்.

"ஏலே மிக்கேலு, கயித்த ரெண்டையும் விட்டுட்டியே! முனை தண்ணிக்குள்ள போறத நான் பாத்தேன். அப்பொறம் இவன் எப்படிலே மேல வந்தான்?"

சந்தியாகு பிற்பாடு எல்லோரிடமும் சொன்னது இதுதான்: முதலில் என் கால் வந்தது, அதற்குப் பக்கத்திலே அந்தத் தலை, இளநீர்க் காய் மாதிரி அலையில் ஆடிக்கொண்டு வந்தது. அவன் எட்டிப் பிடித்தான். பிடித்த உடனே அது கல்லாகக் கனத்து, வள்ளத்துக்குள் தூக்கிப் போட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சந்தியாகு குடிக்காதவன்.

மிக்கேல் வள்ளத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தான், துணி சுற்றிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு. எனக்குப் பேச்சு வந்ததும் நானே அவன் தப்பிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று தெரியாது.

"வெரலு வலியில நழுவிட்டு, இல்லியாலே?"

அவன் என் கண்ணைப் பார்த்தான். "நழுவல மச்சான். விட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அங்கேயே கழுத்தை நெரித்திருப்பேன். அன்று கையைத் தூக்க முடியவில்லை. பயம் என்று சொன்னால் அதுதான் சரி.

வேறு வள்ளக்காரர்கள் வழியாகக் கரைக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. அமலி ஓடி வந்தாள். என் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மிக்கேல் அவள் முன்னால் போய் நின்று, "அக்கா, நாந்தான் கயித்த விட்டேன். மச்சான் சாகட்டும்னுதான் விட்டேன்" என்றான். ஒளிக்கவில்லை. அமலி அவன் செவிட்டில் ஓங்கி ஒன்று கொடுத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னயக் கேட்டியாலே? எந்தாலிய அறுக்க என்னய ஒரு வார்த்த கேட்டியா? அடி வாங்கினவ நானு, நீ யாருலே முடிவு செய்ய?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். என் வலது கன்னத்தைத் தொட்டாள். அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. முக்காட்டை விலக்கித் தன் கன்னத்தைத் தொட்டாள், மறுபடி என் கன்னம். மூன்று கைச் சிலுவை. அதே இடம், அதே அளவு.

"அவன் விட்டான். சரி. ஒம்மத் தூக்குனது யாரு? அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அவள் நேராக மாதா படத்துக்குப் போனாள். தகர டப்பாவைத் திறந்தாள். மோதிரம் உள்ளேதான் இருந்தது. காலையில் நான் போட்டபடியேதான் இருந்தது. ஆனால் நனைந்திருந்தது. அமலி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. டப்பாவின் அடியில் கொஞ்சம் மணல், கரை மணல் இல்லை, எட்டுப் பாகத்துக்குக் கீழே இருக்கிற சாம்பல் நிற மணல். அந்த மணல் குளிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

நடமாட முடிந்ததும் கல்லைத் திருப்பிக் கொண்டுபோனேன். மிக்கேலும் கூட வந்தான், நான் கூப்பிடவில்லை, அவனாக வந்து வள்ளத்தில் ஏறினான். அதே ஓடம், அதே ஓடக்காரர். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் செய்யாதுன்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றார். "அது ஒண்ணும் செய்யல அண்ணாச்சி" என்றான் மிக்கேல். தலையைக் கழுத்தோடு சேர்த்து வைக்கப் பார்த்தோம், நிற்கவில்லை. மடியில் இருந்த இரண்டு கைகளுக்கு மேல் வைத்தோம், நின்றது. கழுத்தில் என் கயிறு அறுத்த கோடு தெரிந்தது. மாத்தையா ஏற்றிய விளக்கு அங்கேயே கிடந்தது. நாங்கள் எண்ணெய் கொண்டுபோயிருக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அடுத்த வாரம் புதுக் கல் வந்தது. கடலுக்குப் போனபோது இரண்டு கயிற்றையும் எடுத்து மிக்கேல் கையில் கொடுத்தேன். வள்ளத்தில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். மிக்கேலே, "வேற ஆளப் பாரும் மச்சான்" என்றான். நான் கேட்கவில்லை. என் கை ஓங்காமல் பார்த்துக்கொள்ள அவனைவிட நல்ல ஆள் எனக்கு யார்? அவன் அந்த வளைந்துபோன விரல்களோடு, நான் குளிப்பை விடுகிற வரைக்கும், என் கயிற்றைப் பிடித்தான். அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

என் கன்னத்தைப் பாருங்கள், இந்த இடத்தில் மட்டும் முடி முளைப்பதில்லை. தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். பாறையில் மோதியிருக்கும், மூச்சு முட்டியபோது மூளை குழம்பியிருக்கும், கயிறு எங்காவது சிக்கி இழுத்திருக்கும் என்று டாக்டரிலிருந்து சாமியார் வரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இருக்கலாம். எனக்கு அதில் சண்டை இல்லை. மோதிரத்துக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த மோதிரத்தைப் போடவில்லை, அவளை அடிக்கவில்லை. கை ஓங்கவே இல்லை என்றால் பொய். இத்தனை வருஷத்தில் நாலைந்து முறை ஓங்கியிருக்கிறேன். ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும்போதே அமலி உள்ளே போய் அந்த டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் திறந்து வைப்பாள். நல்ல கோடையாக இருக்கும், வீட்டில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. டப்பாவுக்குள் மோதிரம் நனைந்து கிடக்கும்.

இன்று காலை மருமகனோடு எனக்கு ஒரு வாய்த்தகராறு. இத்தனை வயசாகியும் புத்தி வரவில்லை பாருங்கள், கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, மாதாமேல் ஆணையாக அடிக்கவில்லை. அமலி அப்போது கடைக்குப் போயிருந்தாள், அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்களே, அவள் வந்து திறந்தபோது கையில் எதையோ வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், கவனித்தீர்களா? அது அந்தத் தகர டப்பா. நான் இன்னும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.